127.1 எங்கே போகும்? இணையத்துக்கு நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

மடலைப் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் கணினியில் ஏதாவது ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் போர்ட் 3000 என்று வைத்துக்கொள்வோம். உலாவியின் முகவரிப் பட்டையில் எச்டிடிபி://127.1:3000 என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். பிறகு 127.1 இருந்த இடத்தில் 0177.0.0.1 என்று போட்டுப் பாருங்கள். அதன்பின் புள்ளியே இல்லாமல் 2130706433 என்று போடுங்கள்.

மூன்றும் ஒரே இடத்துக்குத்தான் போகும்: 127.0.0.1, அதாவது உங்கள் கணினிக்கே. முன்னால் பூஜ்யம் இருந்தால் அது எட்டடிமான எண். எட்டடிமானத்தில் 177 என்பது நம் கணக்கில் 127. இரண்டு பகுதிகள் மட்டும் இருந்தால் கடைசிப் பகுதி மிச்ச இடத்தையெல்லாம் நிரப்பிக்கொள்ளும். ஒரே எண்ணாக இருந்தால், 127ஐ 16777216ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் வருவது அது. பழைய பிஎஸ்டி யூனிக்ஸில் முகவரி படிக்க எழுதிய ஒரு சி நிரலின் பழக்கம் இது. அந்தப் பழக்கம் இன்றும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் உயிரோடு இருக்கிறது.

இப்போது என் கேள்வி. 'உள் வலையமைப்புக்கு யாரும் போகக்கூடாது' என்று உங்கள் நிரலில் ஒரு தடை எழுதியிருப்பீர்கள். 127.0.0.1 என்ற சரத்தை அது பிடித்துவிடும். 127.1ஐப் பிடிக்குமா?

இந்த மடலே அந்தக் கேள்விக்காகத்தான்.

உலாவிகள் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணைய முகவரிக்கான இலக்கணம் 1994 டிசம்பரில் தர ஆவணமாக வந்தது. எழுதியவர்களில் டிம் பெர்னர்ஸ்-லீயும் ஒருவர். 2005 ஜனவரியில் வந்த திருத்தத்தைத்தான் இன்றும் பல நிரல்மொழி நூலகங்கள் ஆதாரமாகக் கொள்கின்றன. எது சரியான முகவரி என்பதை இந்த ஆவணங்கள் தெளிவாகச் சொல்கின்றன. தவறான முகவரி வந்தால் உலாவி என்ன செய்ய வேண்டும் என்பதை அவை சொல்லவில்லை.

இலக்கணம் பேசாமல் விட்ட இடத்தில் ஆளுக்கொரு வழக்கம் முளைத்தது. விண்டோஸில் கோப்புறைகளைப் பிரிப்பது பேக்ஸ்லாஷ். அதே பழக்கத்தில் இணைய முகவரியிலும் பேக்ஸ்லாஷ் போட்டவர்கள் ஏராளம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதையும் ஸ்லாஷாகவே எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தது. பக்கம் ஓர் உலாவியில் திறந்து இன்னொன்றில் திறக்காவிட்டால் பயனர் முகவரியைக் குறை சொல்ல மாட்டார், உலாவியைத்தான் சொல்வார். அதனால் மற்றவையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி விட்டுக்கொடுக்கவில்லை.

மிகைல் ஸலெவ்ஸ்கி 2011இல் எழுதிய 'தி டேங்கிள்ட் வெப்' நூலில் இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அதை நம் பெயர்களில் சொல்கிறேன். எச்டிடிபி://நம்கடை.உதாரணம்\@கள்ளன்.உதாரணம் என்று ஒரு முகவரி. @ குறிக்கு முன்னால் வருவது பயனர்பெயர், பின்னால் வருவதே தளம் என்பது இலக்கணம். அன்றைய ஃபயர்ஃபாக்ஸ் அதன்படி 'நம்கடை' என்பதைப் பயனர்பெயராக எடுத்துக்கொண்டு கள்ளன் வீட்டுக்குப் போனது. மற்ற உலாவிகள் ஏறக்குறைய எல்லாமே பேக்ஸ்லாஷை ஸ்லாஷாக நினைத்து, தளத்தின் பெயர் அங்கேயே முடிந்தது என்று நம்கடைக்குப் போயின. எழுத்துக்கு எழுத்து ஒரே முகவரிதான், போய்ச் சேர்ந்த வாசல்தான் வேறு.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட 2012இல் ஆன் வான் கெஸ்டரன் வாட்விஜி அமைப்பில் புதிய யூஆர்எல் தரத்தை எழுதத் தொடங்கினார். 'சரியானது எது' என்பதோடு அது நிற்கவில்லை. எழுத்தெழுத்தாக எப்படிப் படிக்க வேண்டும், கோணலாக வந்தால் எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பதையும் படிப்படியாகச் சொன்னது. பேக்ஸ்லாஷ் வந்தால் பிழை என்று குறித்துக்கொள், ஆனாலும் ஸ்லாஷாக எடுத்து மேலே போ. நடுவில் டேப் இருந்தாலும் வரிமுறிப்பு இருந்தாலும் உதறிவிடு. முக்காற்புள்ளிக்குப் பின் ஸ்லாஷ் எத்தனை இருந்தாலும், ஒன்றுகூட இல்லாவிட்டாலும், தளத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடி. கர்ல் நிரலை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் இந்தத் தாராளத்தைப் பலமுறை குறை சொல்லியிருக்கிறார். அவருடைய கர்ல் மூன்று ஸ்லாஷ் வரைதான் பொறுத்துக்கொள்ளும்.

உலாவிகள் ஒத்துப்போவதற்கு நாளாயிற்று. 2023இல் உலாவி நிறுவனங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட பொதுச் சீரமைப்புப் பட்டியலில் யூஆர்எல்லும் ஒன்று. எச்டிடிபி போன்ற வழக்கமான திட்டப்பெயர்களைத் தவிர மற்றவற்றில் குரோம் தரத்தின் வழிக்கு வந்தது 2024இல்தான். இன்று ஒரு லிங்கைத் தட்டினால் பெரிய உலாவிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி படிக்கின்றன.

ஒரே மாதிரி படித்தாலும் படிப்பது நாம் நினைத்தபடி இருக்க வேண்டும் என்பதில்லை. எச்டிடிபிஎஸ்:நம்கடை.உதாரணம் என்று ஸ்லாஷே இல்லாமல் ஒரு லிங்க் இருக்கட்டும். அது எச்டிடிபி பக்கத்தில் இருந்தால் நம்கடை தளத்துக்குப் போகும். எச்டிடிபிஎஸ் பக்கத்தில் இருந்தால், அதே தளத்தில் 'நம்கடை.உதாரணம்' என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடும். இரண்டும் தரத்தில் எழுதிவைத்த நடத்தைதான்.

உலாவிகளுக்குள் சண்டை ஓய்ந்துவிட்டது, இனி நமக்கென்ன கவலை என்று கேட்பீர்கள். சண்டை இப்போது உலாவிக்கும் உங்கள் நிரலுக்கும் நடுவில் இருக்கிறது, தம்பி. அதில் நான் பட்டது ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாகின் பக்கம் ஒன்றை எழுதினேன். லாகின் முடிந்ததும் பயனரை அவர் வந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்தின் முகவரி கேள்விச்சரத்தில் வரும். வெளித்தளத்துக்கு அனுப்பிவிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் 'முகவரி ஸ்லாஷில் தொடங்குகிறதா? அப்படியானால் நம் தளத்துப் பக்கம்தான், அனுப்பு' என்று ஒரு வரி எழுதினேன். எழுதி முடித்ததில் பெருமையும் பட்டேன்.

சோதனைப் பிரிவில் இருந்த ஓர் அக்கா அன்று மாலையே //கள்ளன்.உதாரணம் என்று கொடுத்தார். ஸ்லாஷில்தான் தொடங்குகிறது. ஆனால் இரட்டை ஸ்லாஷில் தொடங்கினால் 'இதே திட்டம், வேறு தளம்' என்பது இலக்கணத்திலேயே உண்டு. உலாவி கள்ளன் வீட்டுக்குப் போனது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. 'இரட்டை ஸ்லாஷ் கூடாது' என்று இன்னொரு வரி சேர்த்தேன்.

மறுநாள் அவர் /\கள்ளன்.உதாரணம் என்று கொடுத்தார். என் நிரலின் கணக்கில் அங்கே ஒரே ஒரு ஸ்லாஷ்தான். உலாவியின் கணக்கில் பேக்ஸ்லாஷும் ஸ்லாஷ், ஆக இரண்டு. மறுபடியும் கள்ளன் வீடு. பேக்ஸ்லாஷையும் தடுத்தேன்.

மூன்றாம் நாள் இரண்டு ஸ்லாஷுக்கு நடுவில் ஒரு டேப் வைத்தார். என் நிரலுக்கு அது ஸ்லாஷ், டேப், ஸ்லாஷ். உலாவி டேப்பை உதறிவிட்டுப் பார்த்தால் வெறும் இரட்டை ஸ்லாஷ். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீ முகவரியைப் பார்க்கிறாய். உலாவி பார்ப்பதைப் பார்க்கவில்லை."

அதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காவலுக்கு நிற்பவர் ஒரு மாதிரி படிக்கிறார், உள்ளே நடப்பவர் வேறு மாதிரி படிக்கிறார். அந்த இடைவெளியில்தான் திருடன் நுழைகிறான். கோணல் முகவரியை உலாவி பொறுத்துக்கொண்டது குற்றமல்ல. காவலும் நடையும் வெவ்வேறு கண்ணாடி போட்டுக்கொண்டதுதான் குற்றம்.

புதியவள் செய்த தப்பு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள், பெரிய இடங்களும் இதே குழியில்தான் விழுந்திருக்கின்றன. தைவானைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் 2017இல் பிளாக் ஹேட் மாநாட்டில் ஒரே வரியில் மூன்று தளங்களைப் பொதிந்த ஒரு முகவரியைக் காட்டினார்: எச்டிடிபி://1.1.1.1 &@2.2.2.2# @3.3.3.3/ என்பது அதன் உரு. பைத்தானின் மூன்று நூலகங்களுக்கு அதைக் கொடுத்தார். ஒன்று 1.1.1.1 என்றது, இன்னொன்று 2.2.2.2 என்றது, மூன்றாவது 3.3.3.3 என்றது. இத்தனைக்கும் மூன்றும் ஒரே மொழியில் எழுதப்பட்டவை.

2021 டிசம்பரில் உலகமே தூங்காமல் கிடந்த, லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை விவகாரத்திலும் இது வந்தது. முதல் ஓட்டையை அடைக்கத் தந்த திருத்தத்தில், குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் போக அனுமதி என்று ஒரு சோதனை வைத்தார்கள். 127.0.0.1#.கள்ளன்.உதாரணம் என்ற மாதிரி ஒரு முகவரி அதைத் தாண்டிவிட்டது. # வந்ததும் தளத்தின் பெயர் முடிந்தது என்று காவல் நினைத்தது. உள்ளே தேடப் போன நிரல் முழுவதையும் தளத்தின் பெயராக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பைத்தானின் ஐபி முகவரி நூலகத்திலும் ஒரு திருத்தம் வந்தது. முன்பூஜ்யத்தை அது சும்மா உதறிவிட்டு 012.0.0.1 என்பதை 12.0.0.1 என்று படித்துக்கொண்டிருந்தது. மடலின் தொடக்கத்தில் நீங்கள் செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். உலாவி அதை எட்டடிமானமாக எடுத்துப் போவது 10.0.0.1 என்ற உள் வலையமைப்பு முகவரிக்கு, நூலகம் சொல்வது எங்கோ ஒரு வெளி முகவரி. இப்போது அந்த நூலகம் முன்பூஜ்யத்தைக் கண்டாலே மறுத்துவிடுகிறது. அதுதான் சரி.

இனி நம் வீட்டு விஷயம். தமிழில் எழுதும் தளங்களுக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு. வேறு நாட்டில் உட்கார்ந்து சோதிப்பவர் தமிழ் முகவரியை ஒருநாளும் அடித்துப் பார்க்க மாட்டார். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

'கௌரி' என்று எத்தனை பேர் சரியாக அடிக்கிறார்கள்? பாதிப் பேர் 'கெ', 'ள', 'ரி' என்று மூன்று எழுத்தாக அடிக்கிறார்கள்: கெளரி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நம் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முகவரியில் ஒன்று இருந்து இன்னொன்றை அடித்தால் பக்கம் கிடைக்காது. யூனிகோட் விதிகள் இதைச் சேர்த்துவைக்காது, ஏனென்றால் அவற்றின் கணக்கில் இது எழுத்துப்பிழை.

'கோ' இன்னும் நுட்பமானது. அதை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், 'ே' ஒன்று 'ா' ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. தளத்தின் பெயரில் இப்படி வந்தால் உலாவி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் பாதைப் பகுதியில் அப்படி ஆக்காது. வந்ததை வந்தபடியே பைட்டாக மாற்றி அனுப்பும். ஆப்பிளின் பழைய கோப்புமுறை, கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். ஒருமுறை நண்பர் ஒருவர் அப்படியொரு கணினியிலிருந்து 'கோவில்' என்ற பெயரில் ஒரு படத்தை லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினார். பட்டியலில் பெயர் பளிச்சென்று தெரிகிறது. லிங்கைத் தட்டினால் 404. அரை நாள் போனது. கடைசியில் பைட்டுகளை எண்ணிப் பார்த்தபோதுதான் ஒரு 'கோ'வுக்குள் ஒரு குறியீடு கூடுதலாக ஒளிந்திருந்தது தெரிந்தது.

நீளமும் ஒரு சங்கடம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் % குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆக 45 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரித் துணுக்குக்கு ஒதுக்குவது 200 எழுத்து. கணக்குப் போட்டால் 22 குறியீடுகள். நம் தலைப்புகள் அதில் எங்கே கொள்ளும்? கடைசிச் சொல் புள்ளியையோ கொம்பையோ இழந்து நிற்கும்.

அதையும் யாராவது வெட்டி ஒட்டினால் நிலைமை இன்னும் மோசம். % வரிசை நடுவில் அறுந்துபோய் அரை எழுத்து பைட்டாகத் தொங்கும். ஜாவாஸ்கிரிப்டின் குறிநீக்கச் செயற்கூறு அதைக் கண்டால் பிழை எறிந்துவிட்டு நின்றுவிடும். பைத்தானின் செயற்கூறோ அங்கே ஒரு கேள்விக்குறிக் கட்டத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். இங்கேயும் இரண்டு வாசிப்புகள்தான்.

தமிழ் முகவரி என்பது நேற்று வந்த புதுமை இல்லை. பல எழுத்துமுறைகளில் தளப்பெயர் வேலைசெய்யுமா என்று பார்க்க, 2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை இணையத்தின் வேரில் ஏற்றியது. அவற்றில் ஒன்று தமிழ்: உதாரணம்.பரிட்சை. 'ரி' குறிலாக இருப்பதைக் கவனித்தீர்களா? நாம் 'பரீட்சை' என்று நெடிலோடுதானே எழுதுவோம்? அப்படி எழுதியிருந்தால் அன்று அந்தப் பக்கம் திறந்திருக்காது. நம் மொழியில் சரியாக எழுதியவருக்கும் கதவு திறக்கவில்லை என்றால், கோணல் என்பது யார் கண்ணில் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போது .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று தமிழ் மேல்நிலைப் பெயர்கள் வேரில் இருக்கின்றன. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும் மொழி நம்முடையது. 'நம்கடை.இந்தியாவில் வாங்குங்கள்' என்று குறுஞ்செய்தியில் எழுதினால், லிங்க் எங்கே முடிகிறது என்று உங்கள் செயலிக்குத் தெரியுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான்.

முகவரியைப் பிரிக்க நீங்களே ரெஜெக்ஸ் எழுதாதீர்கள். உங்கள் மொழியில் யூஆர்எல் தரத்தின்படி படிக்கும் நூலகம் இருக்கும், அதை எடுங்கள். அதைவிட முக்கியம், ஒரே ஒருமுறை படியுங்கள். படித்து வந்த முடிவைச் சோதியுங்கள், சோதித்த அந்த முடிவுக்கே போங்கள். பழைய சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைக்கு ஒரு நூலகம், பயணத்துக்கு வேறொரு நூலகம் என்று பிரித்தால் லாக்4ஜேதான்.

தளத்தின் பெயரை முழுதாக ஒப்பிடுங்கள். 'இதில் தொடங்குகிறதா', 'இது உள்ளே இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 2003 டிசம்பரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் நடந்தது நினைவிருக்கட்டும். @ குறிக்கு முன்னால் ஒரு நம்பகமான பெயரை வைத்து, இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை நுழைத்தால், முகவரிப் பட்டையில் அந்த நம்பகமான பெயர் மட்டுமே தெரிந்தது. இரண்டு மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பயனர்பெயர் வடிவத்தையே எச்டிடிபி முகவரிகளிலிருந்து எடுத்துவிட்டது. தொடக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது மனிதர்களோடு போகட்டும், உங்கள் நிரலுக்கு வேண்டாம்.

தமிழ்ப் பாதைகளைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'கெள'வைத் திருத்த விரும்பினால் அதை மௌனமாகச் செய்யாதீர்கள். சரியான முகவரிக்கு ரீடைரக்ட் செய்யுங்கள், பயனர் அதைப் பார்க்கட்டும்.

கண்டிப்பாக இருந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெறும்போது தாராளம், கொடுக்கும்போது கண்டிப்பு என்பது இணையத்தைக் கட்டியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980லேயே வகுத்த நெறி. அந்தத் தாராளம் இல்லாவிட்டால் இணையம் இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால் அவரவர் இஷ்டப்படி தாராளமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நாற்பது வருடம் பார்த்தாயிற்று. தேடல் பெட்டியில் தாராளமாக இருங்கள். அங்கே படிப்பவரும் போகிறவரும் ஒருவரே, தவறினால் ஒரு தவறான பக்கம் வரும், அவ்வளவுதான். யாரை உள்ளே விடுவது, எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் இடத்தில் ஊகிக்காதீர்கள். புரியவில்லை என்றால் 'புரியவில்லை' என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

இன்று வேலையை முடித்துக் கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் திட்டத்தில் முகவரி ஒன்று 'ஸ்லாஷில் தொடங்குகிறதா' என்று கேட்கும் வரியைத் தேடுங்கள். எங்கேயாவது ஒன்று இருக்கும். அதற்கு அந்த அக்கா கொடுத்த மூன்றையும் கொடுங்கள்: இரட்டை ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ், நடுவில் டேப். மூன்றையும் அது தாண்டிவிட்டால் 127.1ஐயும் 'கெளரி'யையும் கொடுத்துப் பாருங்கள். எதிலாவது சறுக்கினால் வெட்கப்படாதீர்கள். பக்கத்து மேசையில் ஒரு புதிய பெண்ணோ பையனோ இருப்பார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு காட்டுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே வரியை எழுதிய ஓர் அக்கா